காயல்பட்டினத்தில் ஏர்கன் வைத்திருக்கும் தம்பிமாருக்கு

அன்புத் தம்பிமாருக்கு,



உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரிக்குப் பின்னாலோ கிடக்கும் ஏர்கன்னைப் பற்றித்தான் இந்த மடல். சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியது. குழலை மடக்கினால் ஸ்பிரிங் ஏறும். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றைப் பின்வாயில் வைத்து மூடினால் சுடத் தயார். அதற்கு ஊரில் நல்ல பேர் கிடையாது. பெரியவர்களைக் கேட்டால், குருவி சுட்டுத் திரிகிற பையன்களின் சாமான் என்பார்கள். துப்பாக்கி தெரிந்தவர்களைக் கேட்டால், குறி நிற்காது, காசைக் கரியாக்காதே, சுடுவதென்றால் ஜெர்மன்காரன் செய்ததை வாங்கு என்பார்கள்.

இரண்டு தரப்பும் ஒரே பொருளைத்தான் ஏசுகிறது. பெரியவர்களின் கோபம் நியாயமானது. துப்பாக்கி தெரிந்தவர்களின் இளப்பம் நியாயமில்லாதது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால், நல்ல விளையாட்டு ஒன்று நம் ஊருக்குள் வராமலே இருக்கிறது. செய்யக் கூடாத காரியம் ஒன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்த இளப்பம். மலிவுத் துப்பாக்கியில் குறை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. விசை கனமாக இருக்கும். இழுத்துக்கொண்டே போனால் எந்த இடத்தில் விடுபடும் என்று விரலுக்குத் தெரியாது. மடக்கு மூட்டு தளர்ந்துவிட்டால், மூடும்போதெல்லாம் குழல் ஒரு மயிரிழை தள்ளி உட்காரும். வாஷர் தேய்ந்தால் காற்று கசியும், ஒரு குண்டு மேலே போகும், அடுத்தது கீழே போகும். மலிவான பெல்லட் டப்பாவைத் திறந்து தாளில் கொட்டிப் பாருங்கள், பின்விளிம்பு நசுங்கியவை நிறையவே கிடைக்கும். இவ்வளவும் உண்மைதான். ஆனால் குறி நிற்காததற்கு இவை மட்டும் காரணமில்லை.

ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். விசை விடுபட்டதும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. அந்த வேகத்தில் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் நசுங்கிய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் துள்ளுகிறது. இந்த ஆட்டத்தின் நடுவில் குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. இறுக்கிப் பிடித்தவன் கை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அழுத்தத்தில் பிடிக்கும். அந்த அழுத்தத்துக்கு ஏற்ப உதையும் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். முன்கட்டையை உள்ளங்கையில் வெறுமனே கிடத்தி, தோளில் அழுத்தாமல் சாய்த்து, அது எப்படித் துள்ள நினைக்கிறதோ அப்படித் துள்ள விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துள்ளினால் குண்டும் ஒரே இடத்தில் விழும். குறி நிற்காது என்று ஒதுக்கப்பட்ட துப்பாக்கிகளில் பல இறுக்கிப் பிடிக்கப்பட்ட துப்பாக்கிகள்தான்.

இன்னொரு காரியம். குழலுக்குள் தேங்காயெண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விட்டால் 'பவர்' கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நசுங்குகிற காற்று கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு வெடிக்கும். சத்தமும் புகையும் வரும், பக்கத்தில் நிற்பவன் கைதட்டுவான். ஆனால் வாஷர் கருகும், ஸ்பிரிங் முறியும். குண்டு வைக்காமல் வெறுமனே விசையை இழுத்து விளையாடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். காற்றுத் தடுப்பு இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும். இப்படிச் சீரழிந்த துப்பாக்கியைக் காட்டி மலிவு என்றால் இப்படித்தான் என்று சொல்வது அந்தப் பொருளுக்குச் செய்யும் அநியாயம்.

கடைக்காரரும் இந்தக் கெட்ட பேருக்குக் கொஞ்சம் உதவுகிறார். பெட்டியின் மேல் நொடிக்கு 900 அடி, 1000 அடி என்று வேகத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வேகம் அதிகமென்றால் தரம் அதிகம் என்று நீங்களும் நம்பி வாங்குகிறீர்கள். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் போட்டிக்கு எடுத்துப் போகும் ரைபிளின் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 570 அடி வேகத்தில்தான் போகிறது. அதன் வலிமை 8 ஜூலுக்குப் பக்கம். சில லட்சம் ரூபாய் விலையுள்ள வால்தர், ஃபைன்வெர்க்பாவ் கம்பெனிகளின் துப்பாக்கிகளை வேகத்துக்காக யாரும் வாங்குவதில்லை. குண்டுக்குக் குண்டு மாறாத சீருக்காகத்தான் வாங்குகிறார்கள். வேகத்தைக் கூட்டக் கூட்ட ஸ்பிரிங்கின் உதையும் கூடும், பழகுகிறவனுக்குக் கஷ்டமும் கூடும். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே வேகம் குறைந்த, மடக்க எளிதான துப்பாக்கியைக் கேளுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தாளின் நடுவில் பத்துக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றி ஒன்பதின் வளையம் 5.5 மில்லிமீட்டர், எட்டின் வளையம் 10.5. இப்படியே ஐந்தைந்து மில்லிமீட்டராக அகன்று, ஒன்றின் வளையம் 45.5 மில்லிமீட்டரில் முடிகிறது. பழுதில்லாத ஒரு மலிவுத் துப்பாக்கி, பொறுக்கியெடுத்த பெல்லட்டோடு, பிடிக்கத் தெரிந்தவன் கையில், பத்து மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் குண்டுகளைப் போடும். அந்த வட்டம் நடுவில் சரியாகப் பதிந்திருந்தால், வளையத்தைத் தொட்டாலே அந்த எண் உண்டு என்பதால், ஒரு குண்டுகூட எட்டுக்குக் கீழே போகாது. உங்கள் தாளில் மூன்றும் நாலும் விழுகிறதென்றால் மீதிப் பிழை யாருடையது? மூச்சு, நிற்கும் நிலை, விசையை இழுக்கும் விரல், குண்டு போன பிறகும் கண்ணை எடுக்காமல் இருக்கும் பொறுமை. இவை எதற்கும் கடையில் விலை கிடையாது. துப்பாக்கி எட்டு போடக்கூடியது, சுடுகிறவன் மூன்று போடுகிறான் என்றால், அந்த ஐந்து படியை ஏறி முடிக்கும்வரை விலை உயர்ந்த துப்பாக்கிக்குத் தேவை இல்லை. ஏறி முடித்த பிறகு தேவைப்படும். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன், மாநிலப் போட்டிக்குப் போகிறவனுக்கு இது போதாது.

உயர்ந்த துப்பாக்கியும் தானாகச் சுடுவதில்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம். இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்க்கச் சுட்ட குண்டு விலகிப் போனது. அவர் பார்வைக் கருவியைத் திருத்திக்கொண்டு, பதறாமல் சுட்டார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இதே போட்டியில் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்றிருக்கிறார். தமிழ்ப் பெண் ஒருத்தி உலக மேடையில் நிற்கும் விளையாட்டு இது. உடல் பருமன், உயரம், ஓட்ட வேகம் எதுவும் வேண்டாம். உடலை முழுக்க மூடிய உடையோடு ஆடலாம். உங்கள் வீட்டு லாத்தாமாரும் தங்கச்சிமாரும் ஆட முடிகிற விளையாட்டு என்பதையும் மனதில் வையுங்கள். துப்பாக்கி புதிதாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. நாடு முழுக்க என்.சி.சி. பிள்ளைகள் பல கை மாறித் தேய்ந்த .22 ரைபிள்களில்தான் சுடப் பழகுகிறார்கள்; அதிலிருந்து போட்டிகளுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

நிஜத் துப்பாக்கியிலும் இதே கதை ஒன்று நம் நாட்டில் உண்டு. மேற்கு வங்கத்தில் இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யும் .315 ஸ்போர்ட்டிங் ரைபிள்தான் இந்தியச் சாமானியனின் வேட்டைத் துப்பாக்கி என்று பேர் வாங்கியது. பட்டாளத்தின் .303 குண்டு பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் வைத்த தடையால், ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் குண்டை அதற்குக் கொடுத்தார்கள். 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனது. லைசென்ஸ் எடுத்த விவசாயிக்கு வேறு வழி அதிகம் இல்லாமல் போனது. மரக்கட்டை முரடு, மெருகு போதாது என்று அதையும் ஏசுவார்கள். ஆனால் அரண்மனைகளில் வெல்வெட் பெட்டிக்குள் இருந்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற இரட்டைக்குழல்கள் இந்த நாட்டின் புலியையும் சிறுத்தையையும் கணக்கில்லாமல் கொன்று தீர்த்தன. ஜமீன்தாரும் கலெக்டரும் சுட்டால் அது ஷிகார். நரிக்குறவர் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டால் அது திருட்டு வேட்டை. துப்பாக்கியின் பேர் அதன் விலையையும் அதைப் பிடித்தவனின் அந்தஸ்தையும் பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை இளப்பமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி பெரியவர்களின் கோபம். இதில் நான் அவர்கள் பக்கம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தென்கால் வழியாகக் கடம்பாகுளத்துக்கு வரும் தாமிரபரணித் தண்ணீர்தான் நம் பக்கத்துக் குளங்களின் உயிர். ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகினால் மடையானும் நாரையும் நீர்க்காகமும் நிறைந்துவிடும். ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும். தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பூநாரையும் வரும். புன்னைக்காயலில் ஆறு கடலைச் சேரும் இடத்தில் அலையாத்திச் செடிகளுக்குள் கொக்குகள் அடைகின்றன. இவற்றில் பல வடக்கே வெகுதூரத்திலிருந்து பறந்து வந்தவை. லீவு நாள் சாயங்காலம் இரண்டு பேர் பைக்கில் ஏர்கன்னோடு அந்தப் பக்கம் போவதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

தாளுக்குப் போதுமான அந்த வலிமை ஓர் உயிரை உடனே எடுக்கப் போதாது. அரை கிராம் ஈயம் ஒரு மடையானின் சிறகிலோ வயிற்றிலோ பட்டால் அது பெரும்பாலும் அங்கேயே விழுவதில்லை. பறந்துபோய்ச் சம்புக்குள் இறங்கி, இரண்டு நாள் கிடந்து சாகும். சுட்டவன் குறி தவறிவிட்டது என்று நினைத்து அடுத்ததைப் பார்ப்பான். மலிவு ஏர்கன் உண்மையாகவே கெட்ட பேருக்கு உரியது இந்த ஒரு வேலையில்தான். வேட்டைத் துப்பாக்கி என்ற முறையில் அது கொடூரமான கருவி. விலை கூடிய ஏர்கன்னை வாங்கினால் அந்தக் கொடூரம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள்.

சட்டத்தை நம்மில் பலர் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறோம். .177 குழல், 20 ஜூலுக்கு மேற்படாத வலிமை என்றால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம்; .22 ஏர்கன் என்றால் வேண்டும். இது வைத்திருப்பதற்கான அனுமதி மட்டும்தான். எதைச் சுடலாம் என்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமில்லை. காயப்படுத்துவதும், பிடிப்பதும், அதற்கு முயல்வதும், முட்டையை எடுப்பதும் வேட்டைதான். கவண், கண்ணி, ஏர்கன் என்ற பேதம் இல்லை. கொக்கு, மணிப்புறா, கானாங்கோழி எல்லாம் அதன் காப்பில் உள்ளவை. மூன்று ஆண்டு வரை சிறை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சுட்ட படத்தை நீங்களே ஸ்டேட்டஸில் போடும் காலத்தில் சாட்சி தேட வேண்டிய அவசியமும் இல்லை. பாஸ்போர்ட்டும் விசாவும் நம்பிப் பிழைக்கும் ஊர் இது. ஒரு கிரிமினல் வழக்கு என்ன செய்யும் என்று வாப்பாமாரிடம் கேளுங்கள்.

இதே தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் மக்கள், கோயிலைச் சுற்றிய மரங்களில் அடையும் பறவைகளுக்காகக் கேட்டு வாங்கியதுதான் 2005இல் அறிவிக்கப்பட்ட இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகம். கூந்தன்குளத்துக்காரர்கள் பறவைகள் வெருளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; கல்லூரிப் பிள்ளைகள் பைனாகுலரோடு கரைகளில் நிற்கிறார்கள். மேல்மடைக்காரர்கள் இப்படி இருக்கும்போது கடைமடைக்காரர்களான நாம் அதே பறவைகளைச் சுட்டுக்கொண்டிருக்க முடியாது.

மார்க்கத்தின் பேச்சுக்கும் வருகிறேன், நம் ஊரில் அது இல்லாமல் எந்தப் பேச்சும் முடியாது. சிறு கல்லைச் சுண்டி எறிந்து விளையாடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அது வேட்டைப் பிராணியை வீழ்த்துவதும் இல்லை, எதிரியைக் காயப்படுத்துவதும் இல்லை. பல்லை உடைக்கும், கண்ணைப் போக்கும் என்பதுதான் காரணம். ஏர்கன்னுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை எதுவும் எனக்குத் தெரியவில்லை. உயிருள்ள ஒன்றைக் குறி வைக்கும் இலக்காக ஆக்கக் கூடாது என்றும் ஹதீஸ் இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், உருண்டை அடித்து அறுப்பதற்கு முன் செத்துப்போன பறவை ஹலால் இல்லை என்று இமாம் நவவியின் மின்ஹாஜ் போன்ற நூல்கள் சொல்கின்றன. சந்தேகமிருந்தால் மஹல்லா ஆலிமிடம் கேளுங்கள். அதே மார்க்கம் அம்பெய்யப் பழகுவதைச் சிறப்பித்திருக்கிறது. பழகு, ஆனால் உயிரின் மேல் பழகாதே. இதில் எங்கே முரண்பாடு?

கண்ணைப் போக்கும் என்பதை இன்னும் ஒரு நிமிஷம் நினையுங்கள். மொட்டைமாடியில் நின்று சுடுகிறீர்கள். கீழே முடுக்கு. நம் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருவதற்காக நம் முன்னோர் விட்டுவைத்த சந்து அது. எந்நேரமும் ஒரு உம்மாவோ ஒரு சின்னப் பிள்ளையோ அதில் நடந்துகொண்டிருப்பார்கள். ஈயக் குண்டு சுவரிலும் கம்பியிலும் பட்டால் திரும்பித் தெறிக்கும். எதிலும் படாவிட்டால் நூறு மீட்டருக்கு அப்பாலும் போகும். மாடியிலிருந்து சுடுவதை இன்றோடு நிறுத்துங்கள். இதில் பேரம் கிடையாது.

அப்படியானால் எங்கே சுடுவது? இதற்காகத்தான் இந்த மடலையே எழுதினேன். பந்து விளையாட மைதானமும் சங்கமும் வைத்திருக்கும் ஊர் நாம். பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கொட்டகை நமக்குப் பெரிய காரியமில்லை. முனையில் செங்கல் சுவர், அதன் முன்னால் மணல் மூட்டை அடுக்கு, அதற்கும் முன்னால் குண்டை வாங்கிக்கொள்ளும் சாய்ந்த இரும்புத் தகட்டுப் பெட்டி, பெட்டியின் முகத்தில் தாள் இலக்கு. பக்கவாட்டில் ஆள் நுழைய முடியாத அடைப்பு. சுடுகிறவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. ஒருவர் நின்று கட்டளை கொடுக்க வேண்டும். அவர் சொல்லாமல் யாரும் துப்பாக்கியை மடக்கக் கூடாது, அவர் சொல்லாமல் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வடையைத் தொடக் கூடாது. சிறுவர்கள் வாப்பாவோ காக்காவோ கூட வந்தால்தான் உள்ளே. ராணுவத்தில், போலீஸில், என்.சி.சி.யில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சுற்று வட்டாரத்தில் இருக்கிறார்கள். அழைத்தால் வந்து சொல்லித்தருவார்கள்.

ஏர்கன் வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்று செய்யுங்கள். அதை எடுத்து மடக்கு மூட்டின் திருகை இறுக்குங்கள், வாஷரைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பெல்லட்டைத் தாளில் கொட்டி நசுங்கியதைக் கழித்துவிடுங்கள். பிறகு உங்கள் தெருச் சங்கத்துக்காரரிடம் போய், இன்னின்னார் வீட்டில் இத்தனை துப்பாக்கி இருக்கிறது, நாங்கள் குளத்துப் பக்கம் போக மாட்டோம், எங்களுக்கு ஒரு இடம் கொடுங்கள் என்று பெயர் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளில் உங்கள் வாப்பாவின் கையெழுத்தும் இருக்கட்டும். மணல் மூட்டைக்கும் இரும்புப் பெட்டிக்கும் என்ன செலவானாலும் என் பங்கை முதல் ஆளாகத் தருகிறேன். மழைக்காலம் தொடங்கிப் பறவைகள் வந்து இறங்குவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.

உங்கள் காக்கா ஒருவர்,
காயல்பட்டினம்